கை நனைக்காத வீடு

எனக்குக் கோபம் சட்டென்று வராது. வந்துவிட்டால் லேசில் போகாது. என் அத்தைமேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு பிள்ளையாய்ப் பிறந்திருந்தால் இந்நேரம் பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். சோறு ஊட்டி வளர்த்த கோபம் அல்ல அது. சோறு தின்னாமல் வளர்த்தது. எப்படி என்று சொல்கிறேன்.

அத்தை என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. விழுப்புரத்தில் மாடி வைத்த வீடு, மாமாவுக்கு ரயில்வே வேலை. நாங்கள் ஒலக்கூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா கொத்தனார், அம்மா அடுத்தவர் கொல்லையில் களையெடுக்கவும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கவும் போவாள். எங்கள் வகையறாவில் முதன்முதலாக டவுனுக்குப் போய்க் கால் ஊன்றியவள் அத்தைதான் என்பதால் அவள் வாயிலிருந்து வருவதற்கு மறுபேச்சு கிடையாது. அவளுடைய ஒரே மகனுக்கு நான்தான் என்பது நான் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்த விஷயம். நான் திண்டிவனத்தில் கல்லூரி முடிக்கும்வரை அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவன் எங்கள் ஊருக்கு வந்தால் எனக்குக் கை ஓடாது, கால் ஓடாது. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பேன்.

நான் நன்றாகச் சாப்பிடுகிறவள். அதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. வெயிலில் வேலை செய்துவிட்டு வருகிறவர்களின் வீட்டில், நன்றாகச் சாப்பிடுகிற பெண்ணை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அம்மா தன் பங்குக் கருவாட்டையும் என் தட்டில் போட்டுவிட்டு, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

திண்டிவனத்தில் ஒரு மண்டபம். சொந்தக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. பிரியாணிப் பந்தி. நான் என் வயசுப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பந்தியை மேற்பார்வை பார்ப்பது எப்போதும் அத்தையின் உரிமை. பட்டுப்புடவையின் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இலைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள். பரிமாறுகிறவர் என் பக்கம் வந்தபோது இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னேன். அத்தை குனிந்தாள். எனக்குக் கறித்துண்டு எடுத்து வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பாதி பிரியாணி இருக்கும்போதே என் இலையை மடித்தாள்.

"போதும், எழுந்திரு. எம் புள்ள பக்கத்துல நின்னா அவனப் பெத்தவ மாதிரி இருக்கற. இன்னும் துன்னு இன்னா பண்ணப் போற?"

பந்தியே சிரித்தது. என் எதிர்வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்தான். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்ததால் அவனுக்குப் புரை ஏறியது. அந்த ஒன்றில் மட்டும் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்.

கொஞ்ச நாளில் அவனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். பெண் ஒடிசலாக இருப்பாளாம். பத்திரிகை வைக்க அத்தையே தாம்பூலத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா அந்தத் தட்டை வாங்கவும் முடியாமல் வேண்டாமென்று சொல்லவும் முடியாமல் நின்றார். நான் உள்ளேயிருந்து வந்து, அதுவரை 'நீ, வா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை மரியாதையோடு கூப்பிட்டுச் சொன்னேன்.

"இனிமே நீங்க இருக்கற வூட்டுல நான் கை நனைக்க மாட்டேன் அத்த."

கை நனைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா இல்லை. ஒரு வீட்டில் கை நனைத்தால் அந்த வீட்டோடு உறவு உண்டு என்று அர்த்தம். பெண் பார்க்கப் போனால்கூட, பேச்சு முடிகிறவரை பெரியவர்கள் கை நனைக்க மாட்டார்கள். வரப்புத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பி ஒரே தெருவில் இருந்துகொண்டு, சாவு வீட்டில் தோளோடு தோள் நின்று பாடை தூக்கினாலும், ஒருவர் வீட்டில் இன்னொருவர் தண்ணீர் குடிக்காமல் செத்துப் போயிருக்கிறார்கள். ஒருத்தர் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் யாரும் அவரை வற்புறுத்த மாட்டார்கள். அது மானப் பிரச்சினை. அப்பா அன்று சாயங்காலம் டீக்கடையில் போய், "எம் பொண்ணு சொன்னா சொன்னதுதான்" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தன் அக்காவை எதிர்த்திருக்கிறார், அதுவும் என் வாயை வைத்து.

அத்தையின் வீட்டில் மட்டும் சாப்பிடாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. அந்தச் சபதம் என்னிடம் இருந்துகொண்டு தானாகவே வளர்ந்தது. முதலில் அத்தை வீடு. அப்புறம் அத்தையோடு பேச்சு வைத்திருக்கிறவர்கள் வீடு. அப்புறம் அவள் மகன் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் வீடு. எங்கள் சொந்தத்தில் அதற்குப் போகாதவர்கள் யார்? ஒரு விசேஷத்துக்கும் போய்க் கை நனைக்க இடம் இல்லாமல் போனது. பெரியப்பா வீட்டுக் கூழ் ஊற்றுதலில் கேப்பைக் கூழ் வாங்க மறுத்தபோது பெரியம்மாவுக்கு முகம் சுருங்கியது. ஆனால் அவளும் வற்புறுத்தவில்லை. "ரோஷக்காரி" என்றார்கள். கடைசியில் அது எங்கள் வீட்டு அடுப்புக்கே வந்தது. அம்மா சோறு வடிக்கிற குண்டான் அத்தை சீராகக் கொடுத்தது. அதில் வடித்த சோறு எனக்கு வேண்டாம் என்றேன். அம்மா வேறு பாத்திரம் வாங்கினாள். அதில் வடித்ததும் எனக்கு இறங்கவில்லை. காரணம் தேட வேண்டிய அவசியமே அப்போது எனக்கு இல்லாமல் போயிருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது இனித்தது. பசித்து வயிறு இழுக்கும்போது அந்த வலி அத்தைக்குப் போய்ச் சேருவதாக எனக்கு ஒரு எண்ணம். நான் இளைக்க இளைக்க அவள் விழுப்புரத்தில் உட்கார்ந்து துடிக்கிறாள் என்று நிஜமாகவே நம்பினேன். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நாளெல்லாம் நின்றுகொண்டே புடவையை விரித்துக் காட்டி மடிக்கிற வேலை. என்றைக்காவது ஒரு நாள் அத்தை அந்தக் கடைக்கு வருவாள், கொடிபோல நிற்கிற என்னைப் பார்ப்பாள், அவள் வாய் அடைத்துப் போகும். அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதே எனக்குச் சாப்பாடாக இருந்தது. கூட வேலை செய்கிற பெண்கள், "இன்னாடி, ஜல்தியா எளைச்சுட்ட, எங்களுக்கும் சொல்லிக் குடேன்" என்று என் இடுப்பைக் கிள்ளினார்கள். மதியம் கொண்டுபோன டிபன் பாக்ஸை அவர்களிடமே தள்ளிவிடுவேன். நான் நல்ல மனசுக்காரி என்று பேர்.

உடம்பு முதலில் மெதுவாகத்தான் முனகியது. மாதவிலக்கு நின்றது. வேலை மிச்சம் என்று நினைத்தேன். சீப்பில் முடி கொத்தாக வந்தது. சித்திரை வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. கடையில் ஏசி காற்று படாத மூலையாகத் தேடி நிற்பேன். முழங்கையிலும் முதுகிலும் பூனைமுடி போல மெல்லிய ரோமம் முளைத்தது. உடம்பில் கொழுப்பு இல்லாதபோது, சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள உடம்பு தானே போர்த்திக்கொள்கிற போர்வை அது என்று பிற்பாடு சொன்னார்கள். இவ்வளவும் நடக்கும்போது கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான். அவள் ஒரு சுற்றுகூட இளைக்கவில்லை.

அம்மா மட்டும்தான் பயந்தாள். "இது ரோஷம் இல்லிங்க, வேற ஏதோ" என்று அப்பாவிடம் அழுதாள். அந்த 'வேற ஏதோ' என்னவென்று எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் உடனே தெரிந்துவிட்டது. அத்தை மருந்து வைத்துவிட்டாள்!

வேண்டாதவர்கள் சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்தால் அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு சோறு இறங்க விடாது, ஆள் உருகிப் போவார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதை வாந்தியாக எடுத்துவிடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இலை மடித்த கதையை எல்லாரும் புதிதாக ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். 'அவ ஏன் எலைய மடிச்சா? வேல முடிஞ்சிடுச்சி, அதான் மடிச்சா' என்று ஒரு சின்னம்மா துப்பறிந்தாள். அத்தை அப்படி எதுவும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அதே பிரியாணியைத்தான் பந்தி முழுக்கத் தின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அந்தப் பேர் கிடைப்பது எனக்குப் பிடித்திருந்தது.

பிரம்மதேசத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் மருந்து எடுக்கிற ஆளிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏதோ ஒரு சாற்றைக் குடிக்கக் கொடுத்தார். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தேன். அவர் அதில் குச்சியை விட்டுக் கருப்பாக ஒரு உருண்டையை எடுத்துக் காட்டி, "இதாம்மா, முடி சுத்தி வச்சிருக்காங்க பாரு" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பாவின் கண்ணில் ரத்தம் கட்டியது போல இருந்தது. "எங்கக்காவா இத பண்ணா" என்று பஸ்ஸில் வரும்போது முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்றைக்கு எனக்கு நடந்தது வேறு. உள்ளே போனதைத் திருப்பி அனுப்ப முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என்னைக் குணப்படுத்தக் கூட்டிப்போன இடத்தில் அதைக் கற்றுக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் அம்மா திருப்தியாக இருந்தாள். மருந்து போய்விட்டதல்லவா, பெண் சாப்பிடுகிறாள். கறிக்குழம்பு வைத்தாள், நான் அள்ளி அள்ளித் தின்றேன். அப்புறம் வீட்டுக்குப் பின்னால் போவேன். அதன் விவரம் யாருக்கும் வேண்டாம். என்ன ஆனது என்பது மட்டும் போதும். கன்னங்கள் இரண்டும் உப்பின. பார்த்தவர்கள் 'மொகத்துல சத பிடிச்சிடுச்சி' என்று சந்தோஷப்பட்டார்கள். தொண்டை எரிந்தது. வயிற்று அமிலம் பட்டுப் பட்டு முன்பற்கள் ஓரம் கரைந்து கண்ணாடி மாதிரி ஆயின. அந்தப் பற்களுக்கு இன்றுவரை மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். ஒருநாள் கடையில் கூட்டமான நேரத்தில் ஒரு புடவையை விரித்துக் காட்டும்போது நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு தவறியது. இன்னொன்றும் தவறியது. அந்தப் புடவை மேலேயே விழுந்தேன்.

திண்டிவனத்தில் பார்த்துவிட்டு, முடியாது என்று ஆம்புலன்ஸில் ஏற்றி விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். வார்டில் ஒரு பெண் மருத்துவர். பேச்சில் இனிப்பே கிடையாது. என் நாடியைப் பிடித்தார், முழங்கையின் ரோமத்தைத் தடவினார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். அப்பா முந்திக்கொண்டு, "மருந்து வச்சிட்டாங்க டாக்டர், எடுத்தும் போகல" என்றார்.

"யாரும் மருந்து வைக்கலங்க. ஒடம்புல பொட்டாசியம் பாதாளத்துல இருக்குது. இன்னும் கொஞ்சம் எறங்கினா இதயம் அப்டியே நின்னுடும். இது சாப்பாட்டு மேல வர்ற ஒரு வியாதி. மனசுல புடிச்சு ஒடம்ப முழுசாத் தின்னும்."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சோறு இல்லாம செத்தவங்கள நான் பார்த்திருக்கேன் டாக்டர். எங்க தாத்தா அப்டித்தான் செத்தாரு. சோத்த வச்சுக்கினு சாவறதுக்குப் பேரு வியாதியா? வீம்புங்க இது."

"வீம்புன்னா வேணாங்கும்போது நிறுத்திக்கலாம். உங்க பொண்ண நிறுத்தச் சொல்லுங்க பார்ப்போம்."

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் அந்தக் கேள்வி புதிதாக இருந்தது. சரி, நிறுத்துவோம், போதும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அம்மா ஒரு ஸ்பூன் கஞ்சியை வாய்க்கிட்டே கொண்டு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஓட வழியில்லாத அந்தக் கட்டிலில் என் வாய் திறக்கவில்லை. நான்தான் மூடி வைத்திருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

ஒரேயடியாகச் சோறு போடவும் கூடாது என்றார்கள். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் அதுவே ஆளை முடித்துவிடுமாம். பக்கத்துக் கட்டில்காரி அன்பாக நீட்டிய பிரியாணிப் பொட்டலத்தை நர்ஸ் பிடுங்கிக்கொண்டு போனாள். கொஞ்சம் கொஞ்சமாக, ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து, சின்னக் குழந்தைக்குப் பழக்குவது போலப் பழக்கினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் வாராவாரம் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டியிருந்தது. ஊரில் கேட்டால் கிட்னியில் பிரச்சினை என்று அப்பா சொன்னார். மருந்து வைத்தார்கள் என்று சொல்லக் கூசாத வாய், மனசுக்கு வைத்தியம் என்று சொல்லக் கூசியது.

மனநலப் பிரிவில் ஆலோசனை சொல்கிற ஒரு பெண், என்னைவிட ரொம்பப் பெரியவளும் இல்லை. எல்லாரையும் மன்னித்துவிடு என்று சொல்வாள் என எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் சாப்பிட்டால் அத்தை ஜெயித்துவிடுவாள், அதனால் முடியவில்லை என்று ஒருநாள் பட்டென்று சொல்லிவிட்டேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரம்.

"இப்ப உங்க அத்தை இன்னா பண்ணிக்கினு இருப்பாங்க?"

"சாப்ட்டுக்கினு இருப்பாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அங்கே அவள் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருப்பாள். அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருப்பாள். இங்கே நான் செத்துக்கொண்டிருக்கிறேன். என் பட்டினியில் ஒரு துளிகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை. ஏமாந்துவிட்டேன் என்று தெரிந்ததும் வந்த ஆத்திரத்தில் அந்த அறையிலேயே அழுதேன். பிறகு ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடையில் போய் உட்கார்ந்து இரண்டு இட்லி வாங்கினேன். ஒவ்வொரு விள்ளலையும் அவளைக் கடிப்பதாக நினைத்துக்கொண்டு கடித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. முடித்தேன். அதை உள்ளேயே வைத்துக்கொள்ள இன்னும் அதிகமான கோபம் தேவைப்பட்டது. அதுவும் என்னிடம் இருந்தது. கோபத்தை விட்டுத்தான் குணமாக வேண்டும் என்று யாராவது சொன்னால், எல்லாருக்கும் அது பொருந்தாது என்பேன். எனக்கு அதுதான் ஊன்றுகோல். நடுவில் விழுந்தேன், திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன், திரும்ப எழுந்தேன். வருஷங்கள் ஆயின. இப்போது நான் சாப்பிடுகிறேன். எலும்புகள் மட்டும் என்னை மன்னிக்கவில்லை. போன மழைக்காலத்தில் வாசல்படியில் லேசாகச் சறுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தது.

கல்யாணமாகி விழுப்புரத்துக்கே வந்து சேர்ந்தேன். அத்தை இருக்கிற ஊர் என்பதால் ஒரு ரவையும் தயங்கவில்லை. அவளுக்கு 'மருந்து வச்சவ' என்ற பேர் நிலைத்துவிட்டிருந்தது. அவள் வீட்டு விசேஷங்களில் சொந்தக்காரர்கள் மொய் எழுதிவிட்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக் கை நனைக்காமல் நழுவுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அண்டா நிறையச் சமைத்து வைத்துவிட்டு, வாழையிலை காய, ஆள் வராமல் அவள் நிற்பதை நினைத்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

இந்த வருஷம் ஒரு மதியம், நான் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அவள் வாசலில் நின்றாள். முடி முழுக்க நரைத்துப் போயிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், நாற்காலி போட்டேன். அப்புறம் என் தட்டுக்கு வந்து உட்கார்ந்து, ரசம்வரை நிதானமாகச் சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கை கழுவிவிட்டு வந்து, "சொல்லுங்க அத்த" என்றேன்.

"எம் பேத்தி சோறு துன்ன மாட்டேங்குதும்மா" என்றாள். மகனின் பெண், எட்டாவது படிக்கிறாள். "துணி மாட்டற கம்பி மாதிரி ஆயிடுச்சி. ஸ்கூல்ல மயக்கம் போட்டு வுழுந்துச்சி. கோயில்ல குறி கேட்டோம். ஒரு பொம்பளயோட வயித்தெரிச்சல் உங்க வூட்ட சுத்திக்கினு இருக்குது, அவ வந்து உங்க வூட்டுல கை நனைச்சாத்தான் போவும்னு சொல்லிட்டாங்க. பேஜாராப் போச்சும்மா எங்க பொழப்பு. ஒரு வாய், ஒரே ஒரு வாய் சோறு. பழசெல்லாம் மனசுல வச்சுக்காத."

இத்தனை வருஷம் நான் காத்திருந்தது இதற்குத்தானே! அவள் கெஞ்சுவதற்கு. நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு எட்டாவது. மயக்கம் போட்டு விழுந்தாள் என்ற இடத்தில் என் நெஞ்சு தானாகவே ஒரு துடிப்பைத் தவறவிட்டது. வருகிறேன் என்றேன்.

போனால், வீட்டில் கல்யாணக் களை. பெரியப்பா, சின்னம்மா, துப்பறிந்த அதே சின்னம்மா, எல்லாரையும் அத்தை கூப்பிட்டு வைத்திருந்தாள். கூடத்தில் இலை போட்டிருந்தது. நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தால் போதும், அவள் பேரில் இருந்த கறை ஊரறியக் கழுவப்பட்டுவிடும். பேத்திக்காகப் பாதி, தனக்காகப் பாதி. அவன், என் பழைய மாப்பிள்ளை, கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றான். தொப்பை சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. ஒடிசலான அவன் மனைவி கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை.

"கொழந்த எங்க?" என்றேன்.

உள் அறையில் அந்தக் கசகசப்பில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தாள். கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. சட்டைக் கையை லேசாக ஏற்றினேன். அதே பூனைமுடி. சட்டைக் கையைத் திரும்ப இறக்கிவிட்டேன். நான் அவளுக்குச் சின்னம்மா முறை. அவள் கதவைப் பார்த்துவிட்டு என் காதோரம் வந்தாள்.

"நீங்க போய் சாப்டுடுங்க சின்னம்மா. நீங்க சாப்ட்டா எல்லாம் சரியாயிடும்னு அவங்க நம்பறாங்க. அப்பறம் என்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பதிமூன்று வயசுப் பெண்ணின் குரல் அல்ல அது. என் வாயிலிருந்தும் அது பேசியிருக்கிறது. இவ்வளவு மரியாதையாக, இவ்வளவு சாமர்த்தியமாக. நான் அந்த இலையில் உட்கார்ந்தால் சாபம் போய்விட்டது என்று இந்த வீடே நிம்மதியாகக் காத்திருக்கும். அந்த நிம்மதிக்குள் இவள் செத்துப்போவாள்.

கூடத்துக்கு வந்தேன். "நான் சாப்பிட மாட்டேன்" என்றேன்.

"அப்ப நீ எங்கள மன்னிக்கவே மாட்டியா?" என்றாள் அத்தை.

"மாட்டேன். நீங்க மருந்து வைக்கலன்னு எனக்குத் தெரியும் அத்த. அன்னிக்கும் தெரியும். ஆனா நான் கை நனைச்சா இந்தப் பொண்ணு பொழைக்காது. என் சாபம் ஒண்ணும் உங்க வூட்ட சுத்தல. சுத்தியிருந்தா உங்களத்தான் புடிச்சிருக்கும், கொழந்தைய இல்ல. இது வியாதி. எனக்கு வந்த அதே வியாதி. ஆட்டோ கூப்புடுங்க."

"மொதல்ல ஒரு வாய்..." என்று அவன் ஆரம்பித்தான்.

"ஆட்டோ" என்றேன். செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

என்னைச் சேர்த்திருந்த அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கு வைத்தியம் பார்த்தவர் இப்போது அங்கே இல்லை. வேறு ஒரு மருத்துவர், சின்ன வயசுக்காரர். ரத்தம் எடுக்கச் சொன்னார், ஈசிஜி எடுக்கச் சொன்னார், இன்றே வார்டில் சேர்த்துவிடலாம், சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார். பிறகு பெண்ணிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். எப்போதிலிருந்து சாப்பாடு பிடிக்கவில்லை, யாராவது ஏதாவது சொன்னார்களா, பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்களா என்று கேட்டார். பெண் இல்லை இல்லை என்று தலையாட்டினாள்.

"வீட்ல யாராச்சும்?"

தலையாட்டல் நின்றது. பெண் யாரையும் காட்டவில்லை. சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் அப்பா சுவரைப் பார்த்தான். அம்மா அத்தையைப் பார்த்தாள்.

மருத்துவர் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார். "உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

எனக்குத் தெரியும். அந்த அறையில் என்னைவிட நன்றாக அதைச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. வார்த்தைக்கு வார்த்தை சொல்லியிருப்பேன். நான் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்தேன்.

"அவங்களே சொல்லுவாங்க டாக்டர்" என்றேன். "நாங்க இருக்கறோம். எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அத்தை ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மருத்துவரைப் பார்க்காமல், பேத்தியைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் சார். தெனமும் நான்தான் சொன்னேன்."